மூன்று மாதச் சராசரி 6.4, அப்பாவோ வீட்டை விட்டு வெளியே வருவதில்லை

மன்னை மகள் கேட்கிறார்:

என் அப்பாவுக்கு வயது 69. தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, அம்மாவுடன் மன்னார்குடியில் இருக்கிறார். சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் (எச்பிஏ1சி) 9.2 என்று வந்தபோது, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவரை மிரட்டினோம் என்றே சொல்ல வேண்டும். அதன் பிறகு காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின் ஊசி, கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, கடைசிப் பரிசோதனையில் 6.4க்குக் கொண்டுவந்துவிட்டார். தாளைப் பார்த்த மருத்துவர் "பிரமாதம், இப்படியே இருங்கள்" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டாராம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நான் பார்த்ததோ வேறு ஒரு மனிதரை. முன்பெல்லாம் மாலை ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரைக்குப் போய், நண்பர்கள் நால்வருடன் உட்கார்ந்து பேசிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு வருவார். இப்போது போவதில்லை. கேட்டால் "முடியவில்லை" என்கிறார். இரண்டு கரண்டிக்கு மேல் சோறு வைத்தால் தட்டை நகர்த்திவிடுகிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினசரி அளவுகளை எழுதுகிறார். தபால் நிலையத்தில் பதிவேடு எழுதிய அதே மணியான கையெழுத்து. 140க்கு மேல் போனவை மட்டும் சிவப்பு மையில். ஒரு நாள் 152 வந்ததற்கு அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை என்று அம்மா சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆவணியில் கும்பகோணத்தில் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். முதல் நாள் இரவு, சாப்பாட்டுக்கு முன்பு, அப்பா சமையற்கட்டு வாசலில் நின்று இரண்டு லட்டுகளை அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்ததைச் சித்தப்பா பார்த்துவிட்டார். "வீட்டில் பத்தியம், மண்டபத்தில் பந்தயம்" என்று அவர் சொல்ல, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அன்று அப்பாவைக் கடிந்துகொண்டேன். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் வருவதில்லை.

அளவு சரியாக இருக்கும்போது ஆள் சரியில்லை என்றால், அது மருத்துவரிடம் சொல்லக்கூடிய விஷயமா, அல்லது வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதா?


பழைய சர்க்கரை, மதுரை:

சகோதரிக்கு வணக்கம். எனக்கு இந்த நோய் வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. வங்கி வேலையில் இருந்தபோதே வந்துவிட்டது. உங்கள் அப்பாவின் சிவப்பு மையைப் பற்றிப் படித்ததும் சற்று நேரம் அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மற்ற நோய்களில் மருந்தைத் தருபவர் மருத்துவர், சாப்பிடுபவர் நோயாளி. சர்க்கரையில் அன்றாட வைத்தியத்தை நோயாளியேதான் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் விரலில் குத்துவது, இட்லி மூன்றா நான்கா என்று தீர்மானிப்பது, மாத்திரை தீர்வதற்குள் வாங்குவது, பயணத்தில் ஊசியை எங்கே குளிர்ச்சியாக வைப்பது என்று யோசிப்பது, இரவில் காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்ப்பது என்று இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இத்தனையும் செய்த பிறகும் காரணமே தெரியாமல் ஒரு நாள் அளவு ஏறி நிற்கும். அப்போது வீட்டில் ஒருவர் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி விசாரணையாகவே காதில் விழும். உறவினர்கள் "சௌக்கியமா" என்று கேட்பதை விட்டுவிட்டு "சுகர் எவ்வளவு" என்று கேட்கத் தொடங்கி எனக்குப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

51ஆம் வயதில் நான் எட்டு மாதங்கள் பரிசோதனையே செய்யாமல் இருந்தேன். கருவியை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். சோம்பலும் அலட்சியமும் அதற்குக் காரணமல்ல. எண்ணைப் பார்த்துக் குற்றவாளியாக உணர்வதில் வந்த சலிப்புதான் காரணம். உங்கள் அப்பாவுக்கு அதே சலிப்பு வேறு வடிவத்தில் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் பரிசோதனையை நிறுத்தினேன்; அவர் பரிசோதனையைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் நண்பர்களுடன் தினமும் சர்க்கரை இல்லாத காபி அரை டம்ளர் குடிக்கிறேன். நாக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. அந்த அரை டம்ளரை விட்டிருந்தால் நண்பர்களையும் விட்டிருப்பேன்.


இயற்கை வழி:

சிறுகுறிஞ்சான் பொடியைக் காலையில் வெந்நீரில் கலந்து கொடுத்துப் பாருங்கள். மாத்திரை தரும் சோர்வு எல்லாம் பறந்துவிடும்.


அரசு மருத்துவர், திருச்சி:

சிறுகுறிஞ்சான் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அதற்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதுதான் இங்கே சிக்கல். ஏற்கெனவே இன்சுலினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்பவருக்கு அதையும் சேர்த்தால், அளவு மேலும் தாழ்ந்துபோக இடம் உண்டு.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: ஆம், மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இது. தமிழில் 'வாழ்க்கைத் தரம்' என்றதும் மாத வருமானமும் மாடி வீடும் நினைவுக்கு வருகின்றன. மருத்துவத்தில் அந்தச் சொல்லின் பொருள் வேறு. உலக சுகாதார நிறுவனம் இதை அளப்பதற்கென்றே 26 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வைத்திருக்கிறது. உடல், மனம், உறவுகள், சூழல் ஆகிய நான்கையும் அது தொட்டுக் கேட்கிறது. அதன் மூல வடிவத்தை உருவாக்கிய 15 மையங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று என்பதை நம் ஊரில் பலர் அறியமாட்டார்கள். சர்க்கரை நோய் தரும் மனச்சுமையைத் தனியாக அளக்க 20 கேள்விகள் கொண்ட இன்னொரு பட்டியல் 1995 முதலே இருக்கிறது. கருவிகளுக்குக் குறைவில்லை, கேட்க நேரம்தான் இல்லை. ஒரு காலையில் 120 பேரைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில் நானும் தாளைத்தான் முதலில் பார்க்கிறேன், அதை மறைத்துப் பயனில்லை.

இனி 6.4க்கு வருவோம். அது பாராட்டுக்குரிய எண் என்று நான் உடனே சொல்லமாட்டேன். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினர். இத்தனை பேருக்கும் ஒரே இலக்கு பொருந்தாது. பெரும்பாலோர்க்கு 7க்குக் கீழே என்பது பொது விதி. முதியவர்களுக்கு, அவர்களுடைய மற்ற நோய்களையும் உடல் நிலையையும் பார்த்து 7.5 வரையிலும், சிலருக்கு 8 வரையிலும் விடலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். குறையக் குறைய நல்லது என்ற எண்ணத்துக்கு 2008இல் பலத்த அடி விழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து 'அக்கார்டு' என்ற ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு 6க்குக் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை அளித்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

சராசரிக்கு ஒரு குணம் உண்டு: அது மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துச் சமதளமாகக் காட்டும். 6.5 என்பது, விரலில் குத்திப் பார்க்கும் கணக்கில் ஏறத்தாழ 140 என்ற சராசரி அளவுக்குச் சமம். நாள் முழுவதும் 140ஐ ஒட்டி இருப்பவருக்கும் அந்த எண் வரலாம். இரவில் 55, பகலில் 220 என்று ஊஞ்சலாடுபவருக்கும் வரலாம். உங்கள் அப்பா எடுக்கும் இன்சுலின், கிளிமிபிரைடு இரண்டுமே சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடியவை. சோறும் குறைந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை, இதயத் துடிப்பைத் தணிக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகையாக இருந்தால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகும். வியர்வை மட்டும் மிஞ்சும்.

அதனால் அந்த லட்டு விவகாரத்தை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். அன்றிரவு அவர் ஊசி போட்டுக்கொண்டது எத்தனை மணிக்கு, இலையில் உட்கார்ந்தது எத்தனை மணிக்கு? ஆசைப்பட்டுத் தின்பவர் ஓரமாக உட்கார்ந்து ருசித்துத் தின்பார். நின்றபடி இரண்டை அவசரமாக விழுங்கினார் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று இரவுகள் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை அளவு பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.


நொய்யல்:

மருத்துவர் ஐயா சொல்வதை மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இப்படிப்பட்ட விவாதங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. "எண் முக்கியமில்லை, மனம் போல இருங்கள்" என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் நம்மில் அதிகம். என் அண்ணன் அப்படிப் புரிந்துகொண்டவர். "இருக்கிற வரை நன்றாக இருந்துவிட்டுப் போகிறேன்" என்பது அவர் வாய்ப்பாடு. சராசரி 11க்கு மேல் இருந்தபோதும் கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்.

54 வயதில் சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனார். 14 கிலோமீட்டரும் வெறுங்கால். பாதம் ஏற்கெனவே மரத்துப் போயிருந்ததால், கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து மூன்றாம் நாள் அண்ணிதான் வெள்ளை வேட்டியில் ஈரத்தைப் பார்த்துக் கேட்டார். முதலில் இரண்டு விரல்கள் போயின, பிறகு முழங்காலுக்குக் கீழே போயிற்று. நன்றாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றவர் போகவும் இல்லை, நன்றாக இருக்கவும் இல்லை. ஏழு ஆண்டுகளாகத் திண்ணையில் இருக்கிறார். கழிப்பறைக்குக்கூட மகனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்.

ஆகவே, கட்டுப்பாடே வாழ்க்கையைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. பாதத்தைத் தினமும் பார்ப்பது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு அணிவது, ஆண்டுக்கு ஒரு முறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது ஆகியவையெல்லாம் தொல்லைதான்; ஆனால் அந்தத் தொல்லை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.


அரசு மருத்துவர், திருச்சி:

நொய்யல் சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற ஆய்வில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தைத் தனியாக அளந்து 1999இல் வெளியிட்டார்கள். அதில் வாழ்க்கையைக் கெடுத்தவை கண், கால், இதயம் போன்றவற்றில் வந்த பின்விளைவுகளே. சிகிச்சையின் கட்டுப்பாடு அல்ல. ஆனால் அதே ஆய்வில், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோனவர்களிடம் பதற்றமும் மனநிலைக் குலைவும் கூடுதலாக இருந்தன. அண்ணனுக்கு நேர்ந்தது முதல் வகை. மன்னார்குடிப் பெரியவருக்கு நேர்வது இரண்டாம் வகை என்பது என் ஐயம். இரண்டுக்கும் மருந்து எதிரெதிர்த் திசையில் இருக்கிறது.


இரண்டு அடுப்பு:

நான் நோயாளி அல்ல, நோயாளியின் மனைவி. என் கணவருக்கு 19 ஆண்டுகளாகச் சர்க்கரை. உங்கள் பதிவில் அம்மா ஒரே ஒரு வரியில் வந்து போகிறார். அவரைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு சமையல் நடந்த காலம் உண்டு. அவருக்குத் தனியாகக் கேழ்வரகுக் கூழ், பிள்ளைகளுக்குச் சோறு. கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பி ஓராண்டு காய்ச்சினேன். குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சோற்றுக்குச் சற்றும் குறையாமல் ஏறியிருந்தது. மாவைக் கரைத்துக் குழைய வேகவைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் விரைவாகத்தான் செரிக்கும் என்று பின்னால் ஓர் உணவியல் நிபுணர் விளக்கினார். கருப்பட்டிக் கதையும் அதேதான். இப்போது ஒரே சமையல்: எல்லோருக்கும் முதலில் கூட்டும் பொரியலும் நிறைய, பிறகு அளவான சோறு. தனித்தட்டு போனதிலிருந்து அவர் முகமே மாறிவிட்டது. தன்னால் வீடே பத்தியம் இருக்கிறது என்ற எண்ணம்தான் அவரை அதிகம் வாட்டியிருக்கிறது.

இரவைப் பற்றி உங்கள் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். பனியன் நனைகிறதா என்று கேளுங்கள். என் கணவருக்கு ஒரு முறை இரவில் சர்க்கரை 48க்குப் போய்விட்டது. அதன் பிறகு நாலைந்து ஆண்டுகள் நான் தூக்கத்திலேயே கையை நீட்டி அவர் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் எழுந்து விளக்கைப் போடுவேன். இதை எந்த மருத்துவரிடமும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. நோய் ஒருவருக்கு, தூக்கம் போனது இருவருக்கு.

மாதா மாதம் மாத்திரைக்காக அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பவர்களாக இருந்தால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் வருகிற பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசிவிட்டும் போவாள். அந்தப் பேச்சுக்காகவே காத்திருக்கும் கிழவிகள் இங்கே உண்டு.


மன்னை மகள்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரங்கள் ஆகிவிட்டன, மன்னிக்கவும்.

முதலில் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "பனியனா? வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பிழிகிற மாதிரி இருக்கும், புழுக்கம் என்று நினைத்தேன்" என்றார். மார்கழியில் என்ன புழுக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போனேன். அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்தோம். முதல் நாள் 58, இரண்டாம் நாள் 64. முதல் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று தெளிவாகப் பேசினார். நெற்றி மட்டும் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

லட்டு விஷயத்தை நான் நேராகக் கேட்கவில்லை. "அன்று கும்பகோணத்தில் ஊசியை எங்கே வைத்துப் போட்டுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். ஏழரைக்குப் பந்தி என்று சொன்னதால், ஏழு மணிக்கு மணமகன் அறைக்குப் பின்னால் இருந்த குளியலறையில் நின்று போட்டுக்கொண்டாராம். மாடி ஏறிப் போனால் முதல் பந்தி நிறைந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பந்திக்கு இலை போட எட்டரை ஆகும் என்றார்கள். எட்டு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, கைப்பிடியைப் பிடித்தபடி கீழே இறங்கிச் சமையற்கட்டுக்குப் போய்த் தட்டில் இருந்ததை எடுத்திருக்கிறார். "சம்பந்தி வீட்டார் முன்னால் போய், எனக்கு மயக்கம் வருகிறது, எழுந்து இடம் கொடுங்கள் என்றா கேட்பது?" என்றார். அன்றே எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயும்தான் திட்டினாய்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குளக்கரைக்குப் போகாததற்கும் அதுதான் காரணம். மாலையில் ஒரு நாள் அங்கே படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீருக்குப் பக்கத்தில் இனி வேண்டாம் என்று தானே முடிவு செய்துவிட்டார்.

நோட்டுப் புத்தகத்தையும் மூன்று மணி அளவுகளையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். நீலமும் சிவப்புமாக இருந்த பக்கங்களை அவர் பொறுமையாகப் புரட்டினார். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு, இரவு ஊசியைக் குறைத்து, வெளியே சாப்பிடும் நாட்களுக்கென்று இலையில் உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளக்கூடிய வேறு வகை இன்சுலின் பேனா ஒன்றை எழுதித் தந்தார். மூன்று மாதச் சராசரி 7.5 வரை போனால் கவலைப்பட வேண்டாம் என்றார். ரத்த அழுத்த மாத்திரையும் திருச்சி மருத்துவர் ஐயா சொன்ன வகைதான், அதையும் மாற்றியிருக்கிறார்.

இப்போது பனியன் நனைவதில்லை. அம்மா இரண்டு இரவுகள் இடையில் எழாமல் தூங்கினாராம். காலை அளவு 150, 160 என்று வருகிறது. சிவப்பில் எழுத வேண்டாம் என்று சொன்னேன். அப்பா கேட்கவில்லை, இன்னும் சிவப்பில்தான் எழுதுகிறார். குளக்கரைக்கு ஒரு நாள் போய் வந்தார், சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலத்துடன். படியில் இறங்காமல் மேலேயே உட்கார்ந்தாராம்.

வைகாசியில் திருவாரூரில் ஒரு திருமணம் இருக்கிறது. பத்திரிகையைக் கொடுத்தேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்துவிட்டு, முதல் பந்தி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.